மவுஸுக்குள் இருந்த உருண்டை

எஸ்தர் டீச்சர் அம்மா அவர்களுக்கு, உங்களைப் பெற்றெடுத்த சத்துணவு ஆயா பணிவோடு எழுதுவது. சிரிக்காதே. திங்கட்கிழமை காலையில் நீ செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, அங்கே இன்னொரு பஸ் மாறி, ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகக் கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்கப்புறம் ஊரே உன்னை டீச்சர் என்று கூப்பிடும்போது நான் மட்டும் அடியே என்றால் நன்றாக இருக்காது என்று மரியாதையைப் பழகிப் பார்த்தேன். ஒரு வரி பழகினேன், வாய் வலிக்கிறது, போதும். அடியே எஸ்தரு, இது நாலாங்கிளாஸோடு நின்றவள் எழுதுகிற கடுதாசி. பேசுகிற மாதிரியே எழுதினால் நீ சிவப்புப் பேனாவை எடுப்பாய், புத்தகம் மாதிரி எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். பக்கத்து ரூமில்தானே இருக்கிறேன், நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும், அது உனக்கே தெரியும். இது கிண்டலில் சொல்லக்கூடாத விஷயம். இனிமேல் ஒரு கம்ப்யூட்டர் ரூமில் யார் உட்காருவது, யார் நிற்பது என்று சொல்லப் போகிறவள் நீ. நீ நின்ற காலத்தில் உனக்கு நான் செய்த தப்பை, அந்த நாற்காலியில் நீ உட்காருவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நம் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாள் எனக்கு மறக்காது, ஏனென்றால் அது என் அரிசியை விரட்டிவிட்டு வந்தது. சத்துணவு மூட்டை அடுக்கியிருந்த ரூம் ஒன்றுதான் அங்கே மழைக்கு ஒழுகாத ரூம். இரும்புக் கதவும் அதற்குத்தான் இருந்தது. பெரிய டீச்சர், அதுதான் உங்கள் தலைமையாசிரியை, ஒரே நாளில் என் மூட்டைகளை மாடிப்படிக்குக் கீழே தள்ளச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் ஏழு வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், ஜன்னலுக்குப் பச்சைத் துணி போட்டார்கள், பள்ளிக்கூடத்திலேயே சத்தமில்லாமல் சுற்றுகிற ஒரே ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மாட்டினார்கள். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். காலில் செருப்பே இல்லாமல் வருகிற பிள்ளைகள் எதை விட்டுவிட்டுப் போவது என்று நான் கேட்டதற்குப் பெரிய டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கூட்டிப் பெருக்க ஆள் போடாததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அதனால் சாவி என் இடுப்புக்கு வந்தது. சமையல் சாவி ஒரு பக்கம், கம்ப்யூட்டர் சாவி ஒரு பக்கம். நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி இருக்கிறது என்று உன் அப்பா சொன்னார்.

நம் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், அந்தப் பெட்டிகளை விடுமா. ஒரு வருஷத்துக்குள் நாலு படுத்துவிட்டது. நீ ப்ளஸ் டூவுக்கு வந்தபோது ஓடியது மூன்று. உங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். கம்ப்யூட்டர் சார் திருக்கழுக்குன்றத்தில் இருந்து டிவிஎஸ் வண்டியில் வருவார், சின்ன வயசு, மோசமான மனுஷன் இல்லை. ஆனால் இருக்கிற மூன்றும் தன் கையில் உயிரை விட்டுவிடுமோ என்று அவருக்கு எப்போதும் பயம். முதல் நாளே, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள் என்றார். ஆபீஸர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப் பிள்ளைகள் ஆறேழு பேர் தூக்கினார்கள். மற்றவர்களெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். அப்புறம் அவர் சொன்ன வார்த்தை, நான் வராந்தாவைக் கூட்டிக்கொண்டே கேட்டது, அப்படியே நினைவில் இருக்கிறது.

"தெரிஞ்சவங்க உக்காருங்க. தெரியாதவங்க பின்னாடி நின்னு பாருங்க."

எஸ்தரு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அன்றைக்கு ஞாயமாகத்தான் பட்டது. வண்டி ஓட்டத் தெரிந்தவன் கையில்தானே சாவியைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டில் தினமும் தட்டுகிறவர்கள் பள்ளிக்கூடத்திலும் தட்டினார்கள். வீட்டில் இல்லாதவர்கள் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நீ எப்போதும் சுதாவுக்குப் பின்னால் நிற்பாய். டவுன்ஷிப்பில் ஆபீஸர் மகள் சுதா, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின ரெட்டை ஜடை. அந்த வருஷம் முழுக்க நீ கம்ப்யூட்டரைப் பார்த்தாயோ இல்லையோ, அந்த ரெட்டை ஜடையை நன்றாகப் பார்த்திருப்பாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன், இன்றைக்கும் நின்றுகொண்டே சினிமா பார்த்தாயா, டிக்கெட் யார் எடுத்தது என்று. உன் அப்பாவும் சிரிப்பார். நீயும் சிரிப்பாய். உன் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

சுதா நல்ல பெண்தான், அதை நான் மறைக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை உன்னை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள் என்றாய். அவள் அம்மா உனக்கு உப்புமா கொடுத்தார், காபி கொடுத்தார், கையைக் கழுவிவிட்டுத் தொடும்மா என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் நீ எழுந்துபோய்க் கழுவினாய். அவள் தம்பி விளையாட்டை முடித்து எழுந்திருப்பதற்குள் நேரமாகிவிட்டது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் உன் பேரை மட்டும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு நீ நடந்தே வீட்டுக்கு வந்தாய். நான் என்ன கேட்டேன் தெரியுமா? உன் பேரு உனக்குத் தெரியாதா, அத்தக் கேக்கவா டவுன்ஷிப் வரைக்கும் போனே என்று கேட்டேன். நீ அப்புறம் அங்கே போகவே இல்லை. கை கழுவச் சொன்னதால் போகவில்லை என்று ரொம்ப நாள் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் வாயும் அதில் பாதி என்று இப்போது தெரிகிறது.

சரி, உருண்டைக்கு வருகிறேன். அரையாண்டு முடிந்து, செய்முறைப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும். ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் ரூமைக் கூட்டும்போது மேசைக்கு அடியில் இருந்து ஒரு உருண்டை உருண்டு வந்தது. சாம்பல் நிறம், ரப்பர் மாதிரி வழுவழுப்பு, நெல்லிக்காய் அளவு, கையில் எடுத்தால் கனம். யாரோ பிள்ளை விளையாடக் கொண்டுவந்து விட்டுவிட்டது என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். ரெண்டு நாள் கழித்து இன்னொன்று கிடைத்தது. நம் காலனி பவானி, அப்போது ஆறாங்கிளாஸ், சாப்பாட்டு நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே தட்டோடு வந்து சமையல்கட்டு வாசலில் அஞ்சாங்கல் ஆடுவாள் இல்லையா, அவளிடம் ரெண்டையும் கொடுத்தேன். மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கல்லுக்குப் பதிலாக இதை வைத்து ஆடினாள். கல்லை விட இது நன்றாக எழும்புகிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், ஒரு பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தோமே என்று. வருஷக்கணக்காக அந்த ரூமைக் கூட்டுகிறேன், மேசை மேல் இருக்கிற மவுஸைத் துடைக்கிறேன், அதைத் திருப்பி அதன் வயிற்றைப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. தொடாதே என்று சொன்னதைத் தொடாமல் இருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த வியாழக்கிழமை உன்னையும் இன்னும் ரெண்டு காலனிப் பிள்ளைகளையும் புங்கமரத்தடியில் பார்த்தேன். கம்ப்யூட்டர் பீரியடில் இங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, காற்று வாங்குகிறோம் என்றாய். வெள்ளிக்கிழமையும் காற்று வாங்கினீர்கள். திங்கட்கிழமையும் அங்கேதான் நின்றீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபடி வழக்கம்போல, இன்னாடி, கம்ப்யூட்டரு உன்கூட சண்டையா என்று ஆரம்பித்தேன். நீ சிரிக்கவில்லை. புத்தகப்பையைக் கீழே வைக்காமலேயே நின்றுகொண்டு சொன்னாய்.

"மவுஸுக்கு அடியில ஒரு ரப்பரு உருண்டை கீதும்மா. நெல்லிக்கா சைசு. அது இல்லன்னா அம்பு நவுறாது. ரெண்டு மவுஸுல காணோம். வூட்ல கம்ப்யூட்டரு வெச்சிகினு கீறவங்களுக்கு அது எதுக்கு, இல்லாதவங்கதான் ஆசப்பட்டு எடுத்திருப்பாங்கன்னு சாரு சொல்றாரு. எடுத்தவ குடுக்குற வரிக்கும் நாங்க உள்ள வரக்கூடாதாம். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட மாட்டாராம்."

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைப் பரீட்சைக்கே உட்கார முடியாது, அது எனக்கும் தெரியும். நீ சொல்லி முடித்தபோது என் கையில் கரண்டி இருந்தது. குழம்பில் விட்டேனா, தரையில் விட்டேனா தெரியவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த உருண்டை ரெண்டும் பவானியிடம் இருக்கிறது, கொடுத்தவள் நான். அந்த நிமிஷமே உன் கையைப் பிடித்து, நான்தாண்டி அது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு அப்போது காண்ட்ராக்ட் வேலை நின்று போயிருந்தது. அரசாங்கச் சாமானை எடுத்துத் தெருப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தவள் என்று எழுதி என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுப்பில் உலை வைக்க வழியில்லை. சத்தமில்லாமல் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம், யாருக்கும் சேதாரம் இல்லை என்று கணக்குப் போட்டேன். உனக்குச் சாதத்தைப் போட்டுவிட்டு, எவளோ எடுத்திருப்பா, குடுத்துடுவா, நீ துன்னு என்றேன்.

செவ்வாய்க்கிழமை பவானியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு உருண்டை சவுக்குத்தோப்பில் தொலைந்துவிட்டது, இன்னொன்று வீட்டில் இருக்கிறது என்றாள். புதன்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வியாழக்கிழமை பொழுது விடிந்ததும் போய் ரூமைத் திறந்தேன். ஒரு மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் வட்டமாக ஒரு ஓட்டை. சுற்றி ஒரு வளையம். உருண்டையை அமுக்கினேன், போகவில்லை. வளையத்தைச் சமையல் கத்தியால் நெம்பினேன், வரவில்லை. அதைத் திருக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அண்டாவில் சோறு வடிக்கிற கை, ஒரு நெல்லிக்காயை உள்ளே போட முடியாமல் நின்றது. வாசலில் வாத்தியார் யாரோ வருகிற சத்தம் கேட்டது. உருண்டையை எழுத்துக் கட்டைகள் இருக்கிற அந்தப் பலகை மேலேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அதுதான் உனக்கு வினையாகிப் போனது. சார் வந்து பார்த்தார். பூட்டிய ரூமுக்குள் உருண்டை தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எடுத்தவள் பயந்துபோய்க் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், பூட்டிய ரூமுக்குள் வருகிறாள் என்றால் சாவி எட்டுகிற கை, சாவி எட்டுகிற கை ஆயா மகள் கை என்று முடிவு கட்டிவிட்டார். அதுவரைக்கும் மூன்று பேர் மேல் இருந்த சந்தேகம் உன் ஒருத்தி மேல் வந்து நின்றது. மற்ற ரெண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டார். உன்னைப் பெரிய டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்களாம். அம்மாவை ஏன் கேட்கவில்லை என்றால், அம்மாவும் கூட்டு என்று நினைத்திருப்பார்கள். நான் அங்கிருந்து பத்தடி தூரத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, நீ அழுதுகொண்டே ஆபீஸ் ரூமை விட்டு வருவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த காயை எடுத்தேன். இதைத்தான் எஸ்தரு, நான் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் நீ வீட்டில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோதும் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் பொண்ணு எடுக்க மாட்டா என்று உன் அப்பா ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான், ஆனால் சந்தேகமே இல்லாமல் சொன்னார். உனக்கு ஆதரவாகப் பேச, எதுவும் தெரியாத அவரால் முடிந்தது. எல்லாம் தெரிந்த என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தச் சட்டையை அவர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும்தான் போடுவார். திருட்டுப் பட்டம் வாங்க அதைப் போட்டுக்கொண்டு வருகிறாரே என்று பார்த்தபோதுதான் எனக்குள் என்னமோ அறுந்தது. நீ இரு, நான் போறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூட இருந்த ஆயாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு நேராக உங்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்கே வந்துவிட்டேன். பெரிய டீச்சரும் அங்கேதான் நின்றார். கரண்டியைப் பார்த்துவிட்டு சார் ரெண்டு அடி பின்னால் போனது உனக்கு நினைவிருக்கும். அடிக்க வரவில்லை சார் என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்ததை எடுத்ததும், பவானிக்குக் கொடுத்ததும், திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் எல்லாம் சொன்னேன். அப்போது சுதா எழுந்தாள். மவுஸ் சிக்கும்போதெல்லாம் முன்னால் உட்காருகிற அவர்கள்தான் வளையத்தைத் திருகி உருண்டையை எடுத்து ஊதிப் போடுவார்களாம், வளையம் லூசாகிவிட்டது, தானாகத்தான் விழுந்திருக்கும் என்றாள். உட்கார்ந்தவர்கள் கழற்றியது, நின்றவர்கள் திருடியதாகிவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"நா கரண்டி புடிக்கிறவ சார், இந்தப் பொட்டி எனக்குத் தெரியாது. சோத்துல எனக்கு ஒரு கணக்கு கீது. கடசீ புள்ள தட்டுல மொதக் கரண்டி வுழாம எவனுக்கும் ரெண்டாங் கரண்டி கெடையாது. வூட்ல துன்னுட்டு வர்ற புள்ளைங்களும் வரும், வேணாம்னு வெரட்ட மாட்டேன், கடசீல நில்லுன்னுவேன். நீங்க வூட்ல துன்னுட்டு வந்ததுங்களுக்கே மொத எலயப் போட்டுகினு கீறீங்களே சார்."

பெரிய டீச்சர் எனக்குத் திட்டும் கொடுத்தார், சாவியையும் வாங்கிக்கொண்டார். வேலையை எடுக்கவில்லை. சார் அப்புறம் என்னைக் கூப்பிட்டு, உள்ளே வாங்கம்மா என்று ஒரு மவுஸைக் கையில் கொடுத்து, வளையத்தை எப்படித் திருகுவது என்று காட்டினார். திருகினேன். உருண்டை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இவ்வளவுதானா இது என்று சொல்லிவிட்டேன், எல்லாரும் சிரித்தீர்கள், நீயும்கூட. அடுத்த வாரத்தில் இருந்து அவர் ஒரு நோட்டில் பேர் எழுதி, வீட்டில் இல்லாதவர்களை முதலில் உட்கார வைத்தார். சுதா உன் பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தாள். அப்போதுதான் உன் ஜடையை அவள் பார்த்தாள். பரீட்சையில் நீ சுதாவை முந்திவிட்டாய் என்று நான் காலனியில் சொன்னது பொய், அவள்தான் முந்தினாள். வருஷம் முழுக்க உட்கார்ந்தவளை, கடைசி ரெண்டு மூன்று வாரம் உட்கார்ந்தவள் எப்படி முந்துவாள்? அந்தப் பாக்கியைத் தீர்க்க உனக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆனது என்று எனக்குத் தெரியும். செங்கல்பட்டுக் கல்லூரியில் எல்லாரும் போன பிறகு நீ லேபில் உட்கார்ந்து, பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாய்.

ஊரில் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது, கரண்டியோடு போனதில் இருந்துதான் ஆரம்பிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். மகளுக்காக வேலையையே பணயம் வைத்த தாய் என்று ரெண்டு பேர் உச்சுக் கொட்டுவார்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு இத்தனை வருஷமாக உறுத்துகிறது. பெரிய டீச்சர், ஆபீஸுக்கு வேண்டும், நடந்ததை எழுத்தில் கொடு என்றார். எனக்குக் கோர்வையாக எழுத வராது என்று நீதான் முழு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாய். நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது, பயத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னேன். உன் பேனா ஒரு நிமிஷம் நின்றது. நீ நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் மறுபடியும் எழுதினாய். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினாய். உருண்டை கிடைத்தது இருந்தது, பவானி இருந்தாள், மன்னிப்புக் கேட்டது இருந்தது. தெரிந்தவுடன் வந்து சொன்னேன் என்று இருந்தது. திங்கள் என்ற வார்த்தையே அதில் இல்லை. எனக்கு எழுதத்தான் வராது, காது நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு வேலை போகக் கூடாது என்று விட்டாயா, இல்லை, பெற்றவள் இப்படிச் செய்தாள் என்று உன் கையால் எழுத உனக்கு வரவில்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நீ போகிற இடத்தில் எத்தனை பெட்டி ஓடுமோ, எத்தனை படுத்திருக்குமோ. யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் கையைத் தூக்கச் சொல்லித் தெரிந்துகொள்ளாதே. தூக்காத கைகளைப் பார்த்தவள் நான். வீட்டில் அச்சடித்துக்கொண்டு வா என்று எதையும் சொல்லாதே. ஒரு பிள்ளை கட்டையைத் தேடித் தேடி ஒரு விரலால் தட்டினால், உன் வாயில் என் கிண்டல் வரும், என் ரத்தம், வராமல் இருக்காது. விழுங்கிவிடு. அந்த ரூமைக் கூட்ட ஒரு அம்மா வருவாள். முதல் நாளே அவளை உள்ளே கூப்பிட்டு, எது எதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து காட்டு. அவளாகக் கேட்க மாட்டாள். தொடாதே என்று சொல்லிச் சொல்லியே அவளை வைத்திருப்பார்கள். ஏதாவது காணாமல் போனால் அவளிடம் போய்க் கேள், ஆனால் அவள் பயப்படாத மாதிரி கேள். பயந்தவள் உண்மையை எத்தனை நாள் இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டிருப்பாள் என்று இந்தக் கடுதாசியைப் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தாளில் நீ விட்டுவிட்ட வரி இது, இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தெரிந்துகொண்டே உன்னைப் புங்கமரத்தடியில் நிற்க விட்டேன். நீ எடுக்கவில்லை என்று இந்த உலகத்தில் சத்தியமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா